'சிலரின் பலவீனம்' பிரித்த திருவிருந்து: நிறவெறியைத் தென்னாப்பிரிக்க சபைகள் எதிர்கொண்டது எப்படி?

பக்கத்தில் கறுப்பினத்தவர் உட்கார்ந்தால் திருவிருந்து எடுக்க மனசு வரவில்லை. தென்னாப்பிரிக்க நிறவெறியில் திருச்சபைக்கு இருந்த பங்கு, இந்தச் 'சின்ன' விஷயத்தில்தான் தொடங்கியது.

வெள்ளையர்களின் பெரிய சபையான டச்சு சீர்திருத்த சபை, 1829-ல் கேப் பகுதியில் கூடியபோது சரியாகத்தான் பேசியது. நிறம் பார்க்காமல் எல்லோருக்கும் ஒன்றாகவே திருவிருந்து கொடுக்க வேண்டும் என்றது. 28 வருஷம் கழித்து, 1857-ல் ஒரு தீர்மானம். ஒன்றாக ஆராதிப்பதுதான் வேதத்துக்கு ஏற்றது. ஆனாலும் 'சிலரின் பலவீனம்' காரணமாக, கறுப்பின விசுவாசிகள் தனிக் கட்டடத்தில் கூடலாம். கவனிச்சீங்களா? தப்புன்னு தெரிந்தே கொடுத்த சலுகை அது. (நம்ம ஊர் வாசகர்களுக்கு இது புதுசா இருக்காது. 1833-ல் பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது, தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு கிளம்பியது.)

சலுகை சீக்கிரமே சட்டமானது. 1881-ல் கலப்பினத்தவருக்குத் தனிச் சபை. பிறகு கறுப்பினத்தவருக்கு, இந்தியர்களுக்கு என்று இன்னும் சபைகள். 1948-ல் நிறவெறியை அரசுக் கொள்கையாக்கிய பிரதமர் டி.எஃப்.மலான், அதே டச்சு சீர்திருத்த சபையில் போதகராக இருந்தவர். நாட்டைப் பிரிக்கும் முன்பே, சபை அதற்கு ஒத்திகை பார்த்துவிட்டது எனலாம்.

திருப்பம் எங்கே?

1982-ல், கனடாவின் ஒட்டாவா. உலக சீர்திருத்த சபைகளின் கூட்டமைப்பு கூடியிருந்தது. தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த வெள்ளையரல்லாத பிரதிநிதிகள் சிலர், வெள்ளையர் சபைப் பிரதிநிதிகளோடு சேர்ந்து திருவிருந்து எடுக்க மறுத்தார்கள். ஊரில் எங்களோடு உட்காராதவர்கள், இங்கே மட்டும் எப்படி? அவ்வளவுதான் கேள்வி.

கூட்டமைப்பு அதைத் தட்டிக்கழிக்கவில்லை. நிறவெறிக்கு வேத ஆதாரம் காட்டுவது துர்உபதேசம் என்று அறிவித்தது. வெள்ளையர் சபையின் உறுப்பினர் உரிமையை நிறுத்திவைத்தது. கலப்பினத்தவர் சபையைச் சேர்ந்த ஆலன் போசாக்கைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.

'இது அரசியல், சபைக்கு எதுக்கு?' என்பதுதான் அதுவரை வழக்கமான பதில். விஷயத்தை விசுவாசப் பிரச்சினையாக மாற்றியதும் அந்தப் பதில் செல்லாமல் போனது. அதே வருஷம் கேப் டவுனின் பெல்ஹார் பகுதியில் கூடிய கலப்பினத்தவர் சபை, ஒரு விசுவாச அறிக்கையை எழுதியது. 1986-ல் அதை முறைப்படி ஏற்றது. நிறத்தின் பெயரால் சபையைப் பிரிப்பது நற்செய்திக்கே விரோதம். கடவுள் ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறார், சபையும் அங்கேதான் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம்.

வெள்ளையர் சபை மாறியதா?

மாறியது, மெதுவாக. 1986-ல் எல்லா இனத்தவரும் உறுப்பினராகலாம் என்றது. இதைப் பொறுக்காதவர்கள் அடுத்த வருஷமே வெளியேறி, வெள்ளையருக்கென்று ஒரு புதுச் சபையைத் தொடங்கினார்கள். 1990-ல் ருஸ்டன்பர்க் மாநாட்டில் இறையியலாளர் வில்லி யோங்கர், தன் பெயரிலும் சபையின் பெயரிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதை ஏற்றார்.

மன்னிப்புக்கு அப்புறம்தான் கஷ்டமான பகுதி. கலப்பினத்தவர் சபையும் கறுப்பினத்தவர் சபையும் 1994-ல் ஒன்றாக இணைந்தன. பெல்ஹார் அறிக்கையை அது தன் அடிப்படை ஆவணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறது. வெள்ளையர் சபை இன்னும் அதோடு இணைந்தபாடில்லை. பெல்ஹார் அறிக்கையைச் சபைச் சட்டத்தில் சேர்க்கும் முயற்சிக்குத் தேவையான வாக்குகளும் கிடைக்கவில்லை. அதே அறிக்கையை அமெரிக்காவின் பிரெஸ்பிடேரியன் சபை 2016-ல் ஏற்றுக்கொண்டது என்பது வேடிக்கை!

பணமும் இதில் ஒரு கேள்வி. இங்கிலாந்து திருச்சபையின் நிதியின் ஒரு பகுதி, 18-ம் நூற்றாண்டில் அடிமைகளைக் கப்பலேற்றிய சவுத் சீ கம்பெனியில் முதலீடு செய்யப்பட்டிருந்தது. அதற்கு ஈடாக 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக 2023 ஜனவரியில் அந்தச் சபை அறிவித்தது. கணக்குப் புத்தகத்தை அவர்களே திறந்து பார்த்ததால் வெளிவந்த விஷயம் இது.

தென்னாப்பிரிக்காவில் அப்படித் திறக்க வேண்டிய கணக்கு வேறு மாதிரி. நல்ல கட்டடங்களும் சொத்தும் பெரும்பாலும் வெள்ளையர் சபையிடம். சபைகள் இணைந்தால் அவை யாருக்கு? போதகரின் சம்பளத்தை யார் கொடுப்பார்? இணைப்புப் பேச்சு வரும்போதெல்லாம் இந்தக் கேள்விகளும் கூடவே வருகின்றன.