பேசினார், பதிவாகவில்லை

அண்மையில், சொந்தக் காணியை விட்டு வந்த முதிய கமக்காரர் ஒருவரின் பேச்சை வீட்டுக் கணினியில் ஒலிப்பதிவு செய்ய அமர்ந்தோம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் ஆகிய பழைய நெல்லினங்களைப் பற்றியும் விதைநெல் காக்கும் முறை பற்றியும் ஒரு மணித்தியாலம் சொன்னார். திரும்பப் போட்டுக் கேட்டால் ஒரு சத்தமும் இல்லை.

கணினி பழுது என்றே நினைத்தோம். பழுது ஒன்றுமில்லை. ஒலிவாங்கியை ஒரு துளையில் செருகிவிட்டு, கணினியில் வேறொரு வழியைத் தெரிவு செய்திருந்தோம். ஒரு வாய்க்காலில் தண்ணீர் வர, மறு வாய்க்காலின் வாயை வெட்டி வைத்த கதைதான்.

எதை எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் செருகும் இடம். மேசைக் கணினிகள் பலவற்றில் இளஞ்சிவப்புத் துளையே ஒலிவாங்கிக்கு உரியது. பச்சை, கேட்பதற்கு. நீலம், கசெற் பெட்டி போன்றவற்றிலிருந்து ஒலி எடுப்பதற்கு. ஒரே துளை உள்ள மடிக்கணினியானால், செருகியில் பெரும்பாலும் மூன்று வளையக் கோடுகள் இருக்க வேண்டும்.

அடுத்து, வின்டோஸ் 10 அல்லது 11 ஆனால் 'செற்றிங்ஸ்' திறந்து, 'சிஸ்டம்', 'சவுண்ட்', 'இன்புட்' என்று செல்லுங்கள். சரியான ஒலிவாங்கியைத் தெரிவு செய்து பேசிப் பாருங்கள். அங்குள்ள கோடு அசைய வேண்டும். அசைந்தும் பதிவாகவில்லையா? 'பிரைவசி' பகுதியில் ஒலிவாங்கிக்கு அனுமதி கொடுக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள்.

மூன்றாவது, ஒலியின் அளவு. உரத்த பேச்சிலும் கோடு கடைசி எல்லையைத் தொடக்கூடாது. தொட்டால் குரல் கரகரக்கும். அதைப் பின்னர் முழுமையாகத் திருத்த முடியாது. குறைந்த அளவில் பதிந்ததையோ ஓரளவு கூட்டிக்கொள்ளலாம். ஒலிவாங்கியை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். மடிக்கணினியில் 'ம்ம்' என்ற இரைச்சல் கேட்டால், மின்கம்பியைக் கழற்றி மின்கலத்தில் இயக்கிப் பாருங்கள்.

பேச்சுக்கு ஒற்றை வழிப் பதிவே போதும். செக்கனுக்கு 44,100 மாதிரிகள், 16 பிட் என்ற அளவில் சுருக்காமல் பதிந்தால், ஒரு மணித்தியாலத்திற்கு ஏறத்தாழ 300 மெகாபைட் இடம் வேண்டும். அந்த இடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே பாருங்கள்.

மறுநாள் பெரியவர் முகம் கோணாமல் மீண்டும் சொன்னார். ஆனால் முதல் நாள் சொன்ன சில விடயங்கள் அன்று அவர் நினைவுக்கு வரவில்லை. அவை போனவை போனவைதான்.

ஆகவே அன்பர்களே, முதியவரை அமர்த்துமுன் பத்துச் செக்கன் பேசிப் பதிந்து, போட்டுக் கேளுங்கள். முளைக்குமா என்று பாராமல் விதைநெல்லை வயலில் எறிவோமா?