முயலின் குருதி தந்த விடை

நம் உடலிலுள்ள கலங்களுக்கு, வளர்க என்றும் ஓய்க என்றும் ஆணைகளைக் காவிச் செல்லும் புரதங்கள் பல உள. ஆயின் ஒரு கலத்திலேயே ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் கலந்து கிடக்கின்றன. அவற்றுள் வேண்டிய ஒன்றை மட்டும் இனங்காண்பது எவ்வாறு? அதற்கு ஆராய்ச்சியாளர் நெடுங்காலமாக நாடிவரும் துணை, சாதுவான முயல்.

அயற்புரதம் ஒன்றை முயலுக்குச் சிறிதளவு ஊசிமூலம் ஏற்றினால், அதனைப் பற்றிப் பிடிக்கும் பிறபொருளெதிரிகளை அதன் உடல் உண்டாக்குகின்றது. சில வார இடைவெளியிற் பலமுறை ஏற்றியபின், செவி நாளத்திலிருந்து குருதியை எடுத்து உறையவிடுவர். தெளிந்து நிற்கும் நீர்ப்பாயத்தில் அப்பிறபொருளெதிரிகள் நிறைந்திருக்கும். அவை பல வெண்குருதிக் கலங்களின் வழிவந்தவை; ஆதலால் ஒன்று புரதத்தின் ஒரு முனையைப் பற்ற, மற்றொன்று வேறோர் இடத்தைப் பற்றும்.

இதன் வல்லமையை உலகுக்கு உணர்த்தியவர்களுள் ரீற்றா லெவி மொந்தால்சினி அம்மையார் ஒருவர். 1909 இல் இத்தாலியின் தூரின் நகரிற் பிறந்த இவர், யூதராதலால் 1938 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பல்கலைக்கழகப் பணியை இழந்து, வீட்டுப் படுக்கையறையிலேயே கோழி முளையங்களை ஆராய்ந்தவர். பின்னர் அமெரிக்காவின் சென்ற் லூயிஸ் நகரிற் பணியாற்றியபோது, நரம்பை வளரச் செய்யும் பொருளொன்று சுண்டெலியின் கட்டியிலிருந்து சுரப்பதைக் கண்டார். உடனுழைத்த ஸ்ரான்லி கோஹன், அத்தன்மையுள்ள புரதத்தைப் பாம்பின் நஞ்சிலும் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்டு பிரித்தெடுத்தார்.

இங்கே ஓர் ஐயம் எழுந்தது. கட்டியிலும் நஞ்சிலும் எச்சிலிலும் கிடைக்கும் இப்பொருளுக்கு நலமுள்ள உடலில் வேலை ஏதும் உண்டா? அன்றி, இது வெறும் விந்தைதானா? பல்லாண்டு உழைப்பின் பயன் இவ்வினாவிலே தங்கியிருந்தது.

கோஹன் அப்புரதத்தை முயல்களுக்கு ஏற்றி நீர்ப்பாயம் பெற்றார். அதனைப் புதிதாய்ப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஏற்றினர். குட்டிகள் வளர்ந்தன. ஆயின் அறுத்துப் பார்த்தபோது, இதயத் துடிப்பையும் குருதிக் குழாய்களையும் ஆளும் பரிவு நரம்புத் திரட்டுக்கள் ஏறக்குறைய முற்றாக அழிந்திருந்தன! முயலின் பிறபொருளெதிரி அப்புரதத்தை மறித்துக்கொள்ள, அதனையே நம்பியிருந்த நரம்புக் கலங்கள் மடிந்தன. 1960 இல் வெளியான இம்முடிவு ஐயத்தைப் போக்கிற்று. 1986 இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர்.

இன்றும் முயலின் பிறபொருளெதிரியோடு ஒளிரும் சாயத்தை இணைத்து, தேடும் புரதம் கலத்தில் எங்கே, எவ்வளவு உளது என்று காண்கின்றனர். எனினும் முயலுக்கு முயல் நீர்ப்பாயம் வேறுபடும். ஒரு முயல் இறந்தால் அதன் நீர்ப்பாயமும் மீண்டும் கிடையாது. ஒத்த சாயலுள்ள பிறிதொரு புரதத்தை அது தவறிப் பற்றுவதும் உண்டு. ஆகவே, தேடும் புரதம் அறவே இல்லாத கலத்தில் அதனை முதலிற் சோதிப்பர். அங்கும் ஒளி தோன்றுமாயின், அது காட்டுவது வேறொன்று. கருவி காட்டுவதை ஏற்குமுன் கருவியையே சோதித்தல் வேண்டும் என்பது மாணவர் மனத்திற் கொள்ளத்தக்கது.