பேடில் எழுதியிருக்கும் எண்
(உருளும் பந்து – 7)

பௌலிங் பந்தின் வயிற்றுக்குள் இருக்கும் எடைக்கட்டியைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். வாங்கியபின் அதை மாற்ற முடியாது. மேலோட்டை மாற்றலாம், கையளவு தேய்ப்புப் பேட் ஒன்று போதும். புதுப் பந்துக்குக் காசு சேர்க்கும் முன் ஒவ்வொரு ஆட்டக்காரரும் கற்க வேண்டிய வேலை இதுதான் என்பேன்.

1973இல் அமெரிக்க வீரர் டான் மெக்யூன் தன் பிளாஸ்டிக் பந்தை மெத்தில் எத்தில் கீட்டோன் என்ற கரைப்பானில் ஊறப்போட்டு மேலோட்டை மென்மையாக்கினார். உருளும் தளமான லேனை அப்படிப் பிடித்தது பந்து. அந்த ஆண்டு ஆறு பட்டங்கள் அவருக்கு. அதன் பிறகுதான் பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்தது. மேலோட்டின் பலம் அவ்வளவு.

ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை 60 அடி. முன்பக்கம் ஏறக்குறைய 40 அடிக்கு எண்ணெய். சொரசொரப்பான பந்து எண்ணெயிலும் சீக்கிரமே பிடித்து, நிதானமாக வளையும். பளபளப்பானது வழுக்கிக்கொண்டே போய், சுழற்சியைச் சேமித்து, கடைசி 20 அடியில் வெடுக்கென்று திரும்பும். ஆகவே எண்ணெய் மிகுந்த லேனுக்கு 500, 1000 என்று எண்ணிட்ட சொரசொரப்பான பேட். காய்ந்த லேனுக்கு 3000, 4000, மேலே பாலிஷ். இது பலருக்கும் தெரிந்த கணக்கு.

சிக்கல் அந்த எண்ணில்தான். உப்புத்தாளுக்கு ஐரோப்பிய அளவுமுறை ஒன்று, அமெரிக்க அளவுமுறை ஒன்று. ஐரோப்பிய 1000இன் துகள் ஏறக்குறைய 18 மைக்ரான். அமெரிக்க 1000இன் துகள் அதில் பாதிதான். பின்லாந்தின் மிர்கா செய்யும் அப்ரலானும் சுவிட்சர்லாந்தின் சியாஏர் பேடும் ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும் ஒரே தேய்ப்பைத் தரும் என்று நம்பிவிடாதீர்கள். எதை எடுத்தாலும் அந்த ஒரே வகையிலேயே நில்லுங்கள்.

பேடின் வயதும் முக்கியம். புதிய 1000 முதல் பந்தில் கடிக்கும் கடி வேறு. நாலைந்து பந்து தேய்த்தபின் அதே பேட் 2000 போல நடந்துகொள்ளும். பேடின் முதுகில் எத்தனை பந்து என்று கோடு போட்டு வையுங்கள். தேய்ந்ததை எறிய வேண்டாம், நுண்ணிய வேலைக்கு உதவும்.

எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதை நம்மில் பலர் கவனிப்பதே இல்லை. 500 போட்டு ஆழமாகக் கீறி, பிறகு 2000 போட்டால், 2000 மேடுகளின் முனையை மட்டும் சீவும். பள்ளம் அப்படியே இருக்கும். நேராக 2000 போட்ட பந்தைவிட அது சீக்கிரம் பிடிக்கும். பெட்டியில் நிறுவனம் இரண்டு எண்களை அச்சிடுவது இதற்காகத்தான். கடைசி எண்ணை மட்டும் பார்த்துத் தேய்த்துவிட்டு, “பந்து செத்துப்போச்சு” என்று புலம்புகிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

பந்தைச் சுழற்றும் ஸ்பின்னரில் வைத்து, தண்ணீர் தெளித்து, உள்ளங்கை அழுத்தத்தை மாற்றாமல் தேய்க்கவும். பந்தைத் திருப்பித் திருப்பி நான்கு பக்கம், ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம். பேடை மாற்றும்போது பந்தைத் துடைக்க மறக்கக் கூடாது. முந்தைய துகள் ஒட்டியிருந்தால் கீறல் விழும்.

விளையாட விளையாட லேனே பந்தின் தடத்தை மழமழப்பாக்கிவிடும். ஆனால் போட்டி தொடங்கியபின் தேய்க்க அமெரிக்க பௌலிங் காங்கிரஸின் விதி இடம் தராது. முன்கூட்டித் தேய்க்கும்போதும் முழுப் பரப்பையும் தேய்க்க வேண்டும். தடத்தை மட்டும் தொட்டால் தவறு. அதனால்தான் தேர்ந்த வீரர்கள் ஒரே மாதிரிப் பந்து இரண்டை, ஒன்றை 1000இலும் மற்றதை 4000இலும் தேய்த்துக் கொண்டுவருகிறார்கள்.