வீட்டுக் கணினிக்கு நேர வரம்பு: பெற்றோர் அறியவேண்டியவை

சங்கப் பேரவைக் கூட்டங்களில் நிகழ்ச்சி நிரலில் உள்ள விஷயங்கள் முடிவுற்றதும், அங்கத்தினர்கள் தத்தம் குடும்பக் காரியங்களைப் பற்றிப் பேசிக்கொள்வது வழக்கம். முன்னெல்லாம் மழையும் நூல் விலையும் அப்பேச்சில் முதலிடம் பெறும். அண்மைக் காலமாகச் செஞ்சி வட்டாரத்தில் நான் ஆய்வுக்குச் செல்லும் இடங்களில் வேறொரு வினா எழுகின்றது. "பையன் நள்ளிரவு தாண்டியும் கம்ப்யூட்டரை விடுவதில்லை. அதற்கு ஏதோ பூட்டு இருக்கிறதாமே, அதை எப்படிப் போடுவது?" என்று கேட்கின்றனர். பூட்டு இருக்கத்தான் செய்கிறது; அதைப் போடுவதும் கடினமன்று. எனினும், அதன் சாவி யார் கையில் இருக்கிறதென்று முதலில் பார்த்த பின்னரே பூட்டைப் பற்றிப் பேசுவது பொருந்தும்.

இக்கருவிகள் நம் இல்லங்களுக்கு வந்த வரலாறு நீண்டதன்று. தமிழக அரசு 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் பயனாக, தறி ஓடும் வீடுகளிலும் நெல் மூட்டை அடுக்கிய வீடுகளிலும் முதன்முறையாகக் கணினி நுழைந்தது. 2020 மார்ச்சில் நோய்த்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது கைபேசியும் பாடப்புத்தகத்தைப் போன்று அவசியப் பொருளாயிற்று. அவ்வாண்டு ஜூலையில் மத்திய அரசு 'பிரக்யதா' என்னும் பெயரில் வெளியிட்ட நெறிமுறைகளில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்க்கு இணையவழி வகுப்பு நாளொன்றுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேற்படலாகாது என்று வரையறுக்கப்பட்டது. வகுப்புக்கு வரம்பு கிடைத்தது. வகுப்பு முடிந்தபின் அதே கருவியில் பிள்ளை என்ன செய்வது என்பது வீட்டாரின் பொறுப்பாகவே விடப்பட்டது. பள்ளிகள் திறந்து ஆண்டுகள் சில கழிந்தும் கருவிகள் வீட்டிலேயே தங்கிவிட்டன.

இனிச் சாவியின் விஷயத்துக்கு வருவோம். சங்கத்தில் நகைக்கடன் பெட்டகத்தை ஒருவரே தனியாகத் திறக்கும்படி விடுவதில்லை. சாவிகள் இருவர் பொறுப்பில் இருக்கும். நம் வீடுகளிலோ நிலைமை வேறு. தந்தையின் கைபேசியில் கணக்குத் திறந்து கொடுத்தவன் மகன். தாயின் மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல் வைத்தவள் மகள். புதிய மடிக்கணினியைப் பெட்டியிலிருந்து எடுத்து இயக்கி, அதற்கு நிர்வாகியாகத் தம் பெயரைப் பதிந்துகொண்டவரும் அவர்களே. இதில் குற்றம் காண்பதற்கில்லை, தெரிந்தவர் செய்தனர். ஆயினும் இந்நிலையில் விதிக்கப்படும் எந்த வரம்பும், காசாளர் தம் கணக்கைத் தாமே தணிக்கை செய்துகொள்வதற்கு ஒப்பாகும். ஆகவே பெற்றோர் தம் கணக்கின் கடவுச்சொல்லைத் தம் கையாலேயே மாற்றுவது முதற்காரியம். கடவுச்சொல் மறந்தால் மீட்பதற்கெனப் பதியப்படும் தொலைபேசி எண்ணும் பெற்றோருடையதாகவே இருத்தல் வேண்டும். நெல் விற்ற பணமும் நெசவுக் கூலியும் வந்து சேரும் வங்கிக் கணக்கை இயக்கும் இரகசிய எண்ணுக்கும் இதுவே பொருந்தும். அதைப் பிள்ளைகள் அறிந்திருப்பது எவ்வகையிலும் நன்றன்று.

மடிக்கணினி விண்டோஸ் 10 அல்லது 11 கொண்டதாயின், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'ஃபேமிலி சேஃப்டி' என்னும் ஏற்பாடு கட்டணமின்றிக் கிடைக்கின்றது. பெற்றோர் தமக்கென ஒரு கணக்குத் தொடங்கி, அதன் கீழ்க் குடும்பக் குழுவொன்றை அமைத்து, அதில் பிள்ளைக்குத் தனிக் கணக்குச் சேர்க்க வேண்டும். பிள்ளையின் கணக்குச் சாதாரணப் பயனாளர் என்ற வகையில் இருப்பது மிக முக்கியம். நிர்வாகி என்றிருந்தால் வைத்த வரம்பைப் பிள்ளையே நீக்கிவிடலாம். சாதாரணப் பயனாளருக்குக் கணினியின் கடிகாரத்தைத் திருப்பும் உரிமையும் கிடையாது. சாமர்த்தியசாலிகள் முதலில் கைவைப்பது அதிலேதான். பின்னர் வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு வரம்புகளைக் குறிக்கலாம்: எந்த மணியிலிருந்து எந்த மணிக்குள் கணினி திறக்கும் என்பது ஒன்று, அதற்குள் மொத்தம் எத்தனை மணி நேரம் என்பது மற்றொன்று. உதாரணமாக, மாலை ஐந்து முதல் எட்டுக்குள் ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், பிள்ளை தனக்கு உகந்த ஒன்றரை மணியைத் தெரிந்துகொள்ளும். நேரம் முடியுமுன் எச்சரிக்கை தோன்றும். மேலும் நேரம் தேவைப்பட்டால் அங்கிருந்தே விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் பெற்றோரின் கைபேசிக்கு வந்து சேரும்.

பழைய இலவச மடிக்கணினிகளில் இவ்வேற்பாடு அப்படியே பொருந்தாது. விண்டோஸ் 7 உள்ளவற்றில் இது இயங்குவதில்லை. அவற்றுக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த பாதுகாப்பு ஆதரவும் 2020 ஜனவரியில் நின்றுவிட்டது. மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. இக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ் லினக்ஸ்' என்னும் வேறோர் இயங்குதளமும் இடம்பெற்றிருக்கும். விண்டோஸில் வைத்த பூட்டு லினக்ஸ் வழியாக நுழைவோரைத் தடுக்காது. வீட்டின் தெருவாசலைப் பூட்டிக் கொல்லைக் கதவைத் திறந்துவைத்த கதையாகும்.

கைபேசிக்கு வருவோம். பிள்ளைக்கென்று தனி ஆண்ட்ராய்டு கைபேசி இருக்குமாயின், கூகுள் நிறுவனத்தின் 'ஃபேமிலி லிங்க்' போதுமானது. நாள் வரம்பு, இரவில் கருவி அடங்கும் நேரம், ஒவ்வொரு செயலிக்கும் தனி வரம்பு ஆகியவற்றைப் பெற்றோர் தம் கைபேசியிலிருந்தே குறிக்கலாம். வரம்பு முடிந்த பின்னரும் சில செயலிகளை மட்டும் திறந்திருக்கச் செய்யும் வசதி அதில் உண்டு. இதை நம்மவர் பலர் அறிவதில்லை. 2018 முதல் தமிழகப் பாடநூல்களில் அச்சாகிவரும் கியூஆர் குறிகளைப் படிக்கும் 'தீக்ஷா', பள்ளிக்கல்வித் துறை 2023இல் வெளியிட்ட 'மணற்கேணி' ஆகியவற்றை அவ்வரிசையில் சேர்த்துவிடுவது நியாயம். கணக்குப் பாடத்தைப் பார்த்த நேரத்தையும் விளையாடிய நேரத்தையும் ஒரே பேரேட்டில் எழுதினால், பிள்ளை பாடத்தைத்தான் முதலில் குறைத்துக்கொள்ளும்.

ஆனால் நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் இருப்பது ஒரே கைபேசி. தந்தை சந்தை விலை கேட்பதும், தாய் உறவினரோடு பேசுவதும், பள்ளியிலிருந்து வீட்டுப்பாடம் வருவதும் அதிலேதான். அத்தகைய வீட்டில் ஃபேமிலி லிங்க் பயன்படாது. அங்கே செய்யக்கூடியது, ஒரு செயலியைத் திரையில் நிலைநிறுத்தும் 'பின்' வசதியை அமைப்புகளில் இயக்கி, வெளியேற இரகசிய எண் கேட்கும்படி செய்வதாகும். சிறு குழந்தைகளுக்கு 'யூடியூப் கிட்ஸ்' செயலியில் நிமிடக் கணக்கில் நேரம் குறிக்கலாம். முடிந்ததும் அது தானே பூட்டிக்கொள்ளும். திறப்பதற்குப் பெரியவர்தாம் கேட்கிறார் என்று உறுதிசெய்ய, அது ஒரு பெருக்கல் கணக்கைப் போடச் சொல்லும். வாய்ப்பாடு மனனமான நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது ஒரு தடையேயன்று! ஆகையால் பெருக்கலுக்குப் பதிலாகச் சொந்த இரகசிய எண்ணை அமைத்துக்கொள்ள வேண்டும். கைபேசியிலேயே உள்ள 'டிஜிட்டல் வெல்பீயிங்' வரம்பு கடவுச்சொல் கேட்பதில்லை. அது பெரியவர்கள் தங்களைத் தாங்களே அடக்கிக்கொள்வதற்கு உரியது.

எவ்வளவு நேரம் தகும்? இந்தியக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரைப்படி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் ஐந்து வரை நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது. ஐந்து முதல் பத்து வரை இரண்டு மணிக்குக் குறைவாக இருத்தல் நலம். அதற்கு மேற்பட்ட வயதினர்க்கு உறக்கம், விளையாட்டு, படிப்பு ஆகியவை குறையாதபடி அமைத்துக்கொள்வதே அளவுகோல். நான் இவற்றுள் உறக்கத்துக்கே முதலிடம் தருவேன். வரம்பு ஒன்றே ஒன்றுதான் வைக்க முடியும் என்ற வீட்டில் அது இரவு வரம்பாக இருக்கட்டும்.

அரசுகளும் இரவைப் பூட்டிப் பார்த்திருக்கின்றன. தென்கொரியாவில் 2011இல் வந்த சட்டம், பதினாறு வயதுக்குட்பட்டோர் நள்ளிரவு முதல் காலை ஆறு மணி வரை இணையக் கணினி விளையாட்டுகளில் நுழைவதைத் தடுத்தது. பிள்ளைகள் அச்சட்டத்துக்கு உட்படாத கைபேசி விளையாட்டுகளுக்கு மாறினர். 2022 ஜனவரியில் அது நீக்கப்பட்டு, நேரத்தைக் குறிக்கும் பொறுப்புப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் ஒப்படைக்கப்பட்டது. தமிழகத்தில் 2025இல் வந்த விதிகள், பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைப் பதினெட்டு வயதுக்குட்பட்டோர்க்கு விலக்கி, பிறருக்கும் நள்ளிரவு முதல் காலை ஐந்து மணி வரை மூடின. சென்னை உயர்நீதிமன்றம் அவ்வாண்டு ஜூனில் அவ்விதிகளை ஏற்றது. ஆகஸ்டில் மத்தியச் சட்டம் பண விளையாட்டுகளையே தடைசெய்துவிட்டது. பணமில்லா விளையாட்டும் காணொளியும் வீட்டுச் சட்டத்துக்கு உட்பட்டவையாகவே இன்றும் உள்ளன.

அந்த வீட்டுச் சட்டத்தை எவ்வாறு இயற்றுவது என்பதிலேதான் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை நம் கோட்டையை முற்றுகையிட்டிருந்தும், உள்ளிருந்த இராஜாராம் கோட்டை வீழுமுன் வெளியேறிவிட்டார் என்பதைச் செஞ்சிப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை. பிள்ளைக்குத் தெரியாமல் ஒரு நாள் இரவில் வரம்பை வைத்தால், அடுத்த வாரமே அது நண்பனின் கைபேசியை நாடும். சங்கத்தின் துணைவிதிகளை நிர்வாகக் குழு தன்னிச்சையாக மாற்ற முடியாது. பேரவையில் வைத்து விவாதித்த பின்னரே நிறைவேற்ற வேண்டும். வீட்டிலும் பிள்ளையை உட்காரவைத்து எத்தனை மணி, எந்த மணி, தேர்வு நாளில் எப்படி, திருவிழா விடுமுறையில் எப்படி என்று அதன் வாயாலேயே கேட்டு முடிவு செய்வது நல்லது. தந்தையின் கைபேசியும் அந்த இரவு நேரத்தில் மாடத்தில் ஓய்வெடுக்க வேண்டும் என்று பிள்ளை திருத்தம் கொண்டுவருமாயின், அதைத் தள்ளுபடி செய்யத் தக்க காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைக் கண்டித்துச் சொல்லியாக வேண்டும். சில இல்லங்களில் வரம்பு மகளுக்கு மட்டும் விதிக்கப்படுகின்றது. மகன் விடியும் வரை விளையாடலாம். மகள் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினாள் என்று கருவியையே பறித்து, அவள் படிப்புக்கும் விண்ணப்பங்களுக்கும் வழியின்றிச் செய்துவிடுகின்றனர். ஒரே சங்கத்தில் இரு அங்கத்தினர்க்கு இருவேறு வட்டிவிகிதம் வைப்பதை நாம் ஒப்புவோமா? இம்மென்பொருள்கள் பிள்ளை இருக்கும் இடத்தையும், பார்த்த பக்கங்களையும் பெற்றோருக்குக் காட்ட வல்லவை. அவற்றுள் எதை இயக்கியிருக்கிறோம் என்பதைப் பிள்ளையிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். மேல்நிலை வகுப்பை எட்டிய பிள்ளைக்கு நேர வரம்பைச் சிறிது சிறிதாகத் தளர்த்துவதே தகும். விடுதிக்குச் சென்றபின் பூட்டுவதற்கு அங்கே எவருமில்லை.

வரம்பைப் பருவத்துக்கொரு முறை, அதாவது காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகள் முடிந்த வாரத்தில், மறுபரிசீலனை செய்யலாம். பெற்றோரின் கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, பட்டாவும் சங்கப் பாஸ்புத்தகமும் வைக்கும் பெட்டியில் போட்டுப் பூட்டி வைக்கவும். கைபேசியின் பின்னுறையில் செருகி வைப்பவர்களும் உண்டு; அது கூடாது.