ஏணியில் ஏற்றும் சோப்பு, சறுக்கிவிடும் புழு

"கையைக் கழுவு, செருப்பைப் போட்டுக்கொள்" என்று பிள்ளைகளிடம் நாள்தோறும் சொல்கிறோம். சொன்னது காதில் விழுகிறது; பழக்கமாக மாறுவதில்லை. இந்த இடைவெளியைக் குறைக்க, நைஜீரியாவின் ஒகுன் மாநிலத்து அபெயோகுட்டா நகர ஆய்வாளர்கள் நமக்கெல்லாம் தெரிந்த ஒரு பலகையைக் கையில் எடுத்தார்கள். பாம்பும் ஏணியும் விளையாட்டில் பாம்பு இருந்த இடத்தில் குடற்புழுவை வைத்து, 'புழுக்களும் ஏணிகளும்' என்று பெயரிட்டுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்.

மாத்திரை மட்டும் ஏன் போதாது?

மண் வழியே பரவும் குடற்புழுக்கள் உலகில் ஏறத்தாழ 150 கோடிப் பேரிடம் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றின் முட்டைகள் மலத்தோடு மண்ணில் விழுந்து, சில வாரங்களில் தொற்றும் பருவத்தை அடைகின்றன. பிறகு நகக்கண்ணிலோ சரியாகக் கழுவாத கீரையிலோ ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழுவுக்கு வெறுங்கால் போதும். தோலைத் துளைத்தே உள்ளே நுழைந்துவிடும். பிறகு குடல் சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். பிள்ளை வெளிறிப்போகும், சீக்கிரம் களைத்துப்போகும், பாடத்தில் மனம் நிற்காது.

நம் ஊர்ப் பள்ளிகளில் குடற்புழு நீக்க நாளன்று தரும் 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் மாத்திரை, அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுக்களை வெளியேற்றும். அடுத்த வாரம் வாய்க்குள் போகும் முட்டைகளை அது தடுக்காது. ஒரு மாத்திரைக்கும் அடுத்த மாத்திரைக்கும் நடுவிலுள்ள மாதங்களில் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டியது அதன் பழக்கம்தான்.

அபெயோகுட்டாவில் என்ன செய்தார்கள்?

2018-இல் வெளியான அந்த ஆய்வில் எல்லாப் பிள்ளைகளுக்கும் முதலில் மாத்திரை கொடுத்தார்கள். ஒரு பகுதிப் பள்ளிகளுக்குப் புழுப் பலகை, மறுபகுதிப் பள்ளிகளுக்குச் சாதாரணப் பாம்பு ஏணிப் பலகை. சில மாதங்கள் கழித்துப் பார்த்தபோது, புழுப் பலகையில் விளையாடிய பிள்ளைகளுக்குப் புழு எப்படிப் பரவுகிறது என்பது தெளிவாகத் தெரிந்திருந்தது. கைகழுவும் பழக்கமும் கூடியிருந்தது. இரண்டு பக்கமும் விளையாட்டு இருந்ததால், இந்தப் பலன் வெறும் உற்சாகத்தால் வந்தது என்று ஒதுக்கிவிட முடியாது. புழுப் பலகையின் கட்டங்களில் எழுதியிருந்த சுகாதாரச் செய்தி பிள்ளைகளின் மனத்தில் தங்கியிருக்கிறது.

பாம்பு ஏணிப் பலகைக்கும் நமக்கும் பழைய உறவு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிருந்து இங்கிலாந்து போய், பின்பு உலகெங்கும் பரவியது அது. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதத்தில் நற்குணம் ஏணியாகவும் தீக்குணம் பாம்பாகவும் இருக்கும். பாடம் சொல்லத்தான் அந்தப் பலகையையே வரைந்தார்கள்.

பகடையில் ஒரு சிக்கல்

பகடை ஆட்டத்தை அப்படியே எடுத்துக்கொள்வதில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. காய் புழுவின் வாயில் விழுவது பகடை போட்ட எண்ணால். பிள்ளை எடுத்த முடிவால் அல்ல. நோய் வருவதும் வராததும் அதிர்ஷ்டம் என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் நாம் நினைத்ததற்கு நேர்மாறாகப் போய்விடும்.

இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியில் உருவான 'கலேதோ' என்ற விளையாட்டு வேறு வழியில் போகிறது. எடுத்த உணவின் சக்தியையும் உடலுழைப்பில் செலவான சக்தியையும் ஆடுபவர் கணக்கு வைத்துக்கொண்டே வரவேண்டும். இரண்டும் நெருங்கி வந்தால் வெற்றி. அதை வாரந்தோறும் ஆடிய பள்ளிப் பிள்ளைகளிடம் உணவு பற்றிய அறிவும் காய்கறி உண்ணும் அளவும் கூடியதை 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது.

பாம்பு ஏணிப் பலகையிலேயே பகடையின் இந்தக் குறையை ஒரு சின்ன விதியால் சரிசெய்யலாம். வெறுங்காலோடு தோட்டத்தில் நிற்கும் சிறுவனின் படத்தில் காய் வந்து நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். "என்ன ஆகும்? எது வழியாக உள்ளே போகும்?" என்று எதிரே இருப்பவர் கேட்க வேண்டும். பதிலைச் சரியாகச் சொன்னால் சறுக்காமல் அதே கட்டத்தில் நிற்கலாம். ஏணிக்கும் அதே விதி: காரணம் சொன்னால்தான் ஏறலாம். தன் வாயால் சொன்ன காரணம் பிள்ளைக்கு எளிதில் மறக்காது.

வகுப்பில் விளையாடும்போது

ஒரு சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, புளியங்கொட்டை போதும். படங்களைப் பிள்ளைகளே வரையட்டும். ஒரு பலகைக்கு நாலு பேருக்கு மேல் உட்கார்ந்தால் முறை வருவதற்குள் சலித்துப்போகும். ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தவறான விடையைப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கற்றுக்கொடுத்துவிடுவார்கள். கழிப்பறை இல்லாத வீட்டுப் பிள்ளையும் அந்த வட்டத்தில் இருக்கலாம், அதனால் 'அழுக்குப் பையன்' போன்ற சொல்லோ படமோ பலகையில் வேண்டாம். விளையாட்டு முடிந்ததும் பிள்ளைகள் நேராகக் குழாயடிக்குப் போகட்டும். அங்கே தண்ணீரும் சோப்பும் இருக்கிறதா என்று தலைமையாசிரியர் முன்கூட்டியே பார்த்துவைப்பது நல்லது.

அடிக்கடி வயிற்றுவலி, வெளிறிய உதடு, மலத்தில் புழு, மண் தின்னும் பழக்கம் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று தெரிந்தாலும் குடற்புழு நீக்க நாள் வரை காத்திருக்காமல், பிள்ளையை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போய்க் காட்ட வேண்டும்.