கையளவு செயற்கைக்கோள்: குழுவில் நம் பிள்ளைகள் எங்கே?

எடை 64 கிராம். நான்கு சென்டிமீட்டர் பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவு. 2017 ஜூன் 22 அன்று அமெரிக்காவின் வாலப்ஸ் தளத்தில் இருந்து நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் ஏறிப் பறந்தது 'கலாம்சாட்'. அது பூமியைச் சுற்றவில்லை. மேலே போய்ச் சில நிமிடங்கள் மிதந்து திரும்பியது. ஆனாலும் உலகம் அதைத் திரும்பிப் பார்த்தது. அதை உருவாக்கிய குழுவில் முன்னின்றவர் பக்கத்து கரூர் மாவட்டத்தின் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக். 'கியூப்ஸ் இன் ஸ்பேஸ்' என்ற மாணவர் போட்டி வழியாகத்தான் அந்தச் சிறு பெட்டிக்கு ராக்கெட்டில் இடம் கிடைத்தது.

பள்ளப்பட்டிக்கு வந்த வாய்ப்பு சித்தையன்கோட்டைக்கும் வரலாம். அப்படி வரும்போது ஊருக்குள் இருக்கும் பிள்ளைக்கு மட்டும் வருமா, காலனியில் இருக்கும் பிள்ளைக்கும் வருமா என்பதே நம் கேள்வி.

தமிழ்நாட்டில் தொடங்கிய பாதை

இந்தியாவில் ஒரு பல்கலைக்கழகம் கட்டிய முதல் செயற்கைக்கோள் 'அனுசாட்'. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கியது. எடை 40 கிலோ. 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12 ராக்கெட்டில் விண்ணுக்குச் சென்றது.

அடுத்த ஆண்டே ஒரு கிலோவுக்கும் குறைவான 'ஸ்டட்சாட்' பறந்தது. கர்நாடகம், ஆந்திரத்தைச் சேர்ந்த ஏழு பொறியியல் கல்லூரிகளின் மாணவர்கள் சேர்ந்து கட்டியது அது. தனியாகச் செய்ய வசதியில்லாத கல்லூரிகள் கூடிச் செய்யலாம் என்பதற்கு அதுவே சாட்சி. 2011-ல் எஸ்.ஆர்.எம். மாணவர்களின் செயற்கைக்கோள், 2016-ல் 'சத்தியபாமாசாட்', 2017-ல் குமரி மாவட்டத்தின் நூருல் இஸ்லாம் பல்கலைக்கழகம் கட்டிய 'நியூசாட்' என்று வரிசை நீண்டது. பயிர்களைக் கண்காணிக்கவும் பேரிடரின்போது படம் எடுக்கவும் திட்டமிடப்பட்டது 'நியூசாட்'. நிலத்தில் பாடுபடுகிறவர்களுக்கும் வானத்துக்கும் உள்ள தொடர்பு அது.

செயற்கைக்கோள் இப்படிச் சுருங்க 1999-ல் வந்த 'கியூப்சாட்' அளவுகோல் ஒரு காரணம். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு, கால் பாலி ஆகிய இரு பல்கலைக்கழகங்களின் பேராசிரியர்கள் வகுத்தது அது. பக்கத்துக்குப் பத்து சென்டிமீட்டர் கொண்ட ஒரு பெட்டி; அதற்குள் எல்லாம் அடங்க வேண்டும். அளவு ஒன்றாகிவிட்டதால் எந்த நாட்டு ராக்கெட்டிலும் ஏற்றுவது எளிதானது. மாணவர்கள் தங்கள் படிப்புக் காலத்துக்குள்ளேயே ஒன்றைக் கட்டி முடிக்கவும் வழி பிறந்தது.

குளிர்பான டப்பாவுக்குள் ஒரு செயற்கைக்கோள்

விண்ணுக்கே போகாமல் செயற்கைக்கோள் வேலையைப் பழகும் போட்டியும் உண்டு. அதன் பெயர் 'கேன்சாட்'. டப்பா போன்ற சிறு உருளைக்குள் மின்கலம், சென்சார், ஒலிபரப்பி, பாராசூட் அனைத்தையும் அடக்க வேண்டும். சிறு ராக்கெட் ஒன்று அதை மேலே கொண்டுபோய் விடும். அது பாராசூட்டில் இறங்கும்போது உயரம், வெப்பநிலை, காற்றழுத்தம், இருப்பிடம் ஆகியவற்றைத் தரையில் உள்ள கணினிக்கு அனுப்பிக்கொண்டே வர வேண்டும்.

இந்தியாவில் இன்-ஸ்பேஸ் அமைப்பு, இஸ்ரோ மற்றும் இந்திய விண்வெளிச் சங்கத்துடன் சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்கு இந்தப் போட்டியை நடத்துகிறது. 2025 அக்டோபர் இறுதியில் உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் மாணவர் குழுக்கள் தங்கள் டப்பாக்களை ஏவிப் பார்த்தன.

இதில் உள்ள அறிவியல் நம் பிள்ளைகள் அன்றாடம் பார்ப்பதுதான். செம்பட்டியில் வாங்கும்போது சாதாரணமாக இருக்கும் சிப்ஸ் பாக்கெட், கொடைக்கானல் போய்ச் சேரும்போது பலூன்போல உப்பிவிடுகிறது. மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதே காரணம். நம் சமவெளியில் ஏறக்குறைய 980 ஹெக்டோபாஸ்கலாக இருக்கும் அழுத்தம், 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் 790 அளவுக்கு இறங்கிவிடும். தரைக்குப் பக்கத்தில் சுமார் எட்டு மீட்டர் ஏறினால் ஒரு ஹெக்டோபாஸ்கல் குறையும். இந்தக் கணக்கை வைத்துத்தான் கேன்சாட் தன் உயரத்தைச் சொல்கிறது. இதற்கான சென்சாரும் சிறு கணிப்பலகையும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. மலைக்குப் போகும் பேருந்தில் இதைச் சோதித்துப் பார்க்கும் மாணவர், கேன்சாட்டின் முதல் பாடத்தை முடித்துவிட்டார் என்றே சொல்லலாம்.

தோற்ற முதல் முறை

2022-ல் நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சிறுசிறு கருவிகளுக்கு நிரல் எழுத, அவற்றைச் சேர்த்து உருவானது 'ஆசாதிசாட்'. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் பங்கேற்றனர். 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் தன் முதல் பயணத்தில் செயற்கைக்கோளைச் சரியான சுற்றுப்பாதையில் விடவில்லை. பிள்ளைகளின் உழைப்பு கைக்கெட்டாமல் போனது. அதோடு விட்டுவிடவில்லை. 2023 பிப்ரவரி 10 அன்று 'ஆசாதிசாட்-2' வெற்றிகரமாகச் சுற்றுப்பாதையை அடைந்தது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த மாணவிகள் நுழைவுத் தேர்வு எழுதியோ பணம் கட்டியோ உள்ளே வரவில்லை. அரசுப் பள்ளியைத் தேடி வாய்ப்பு வந்தது. வாசல் திறந்தால் நம் பிள்ளைகள் உள்ளே வருவார்கள்.

எங்கே அடைபடுகிறது?

கல்லூரிக்குள் நுழைவதற்கு இன்று வழிகள் உண்டு. பட்டியலினத்தவருக்கு 18 சதவீத இடஒதுக்கீடு. அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம். ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் 2 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீதம், கட்டணத்தை அரசே ஏற்கிறது. பெற்றோரின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை. சித்தையன்கோட்டைப் பிள்ளைக்கு ரெட்டியார்சத்திரத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புக் கல்லூரி இருக்கிறது. காந்திகிராமத்தில் பல்கலைக்கழகம் இருக்கிறது.

ஆனால் போட்டிக் குழு வகுப்புக்கு வெளியே உருவாகிறது. மாலையில், விடுதி அறையில், நண்பர் வட்டத்தில் உருவாகிறது. கடைசிப் பேருந்தைப் பிடிக்க ஓடும் மாணவருக்கு அந்த மாலை இல்லை. விடுமுறையில் களையெடுக்கவும் கட்டட வேலைக்கும் போகும் மாணவருக்கு அந்த விடுமுறை இல்லை. நுழைவுக் கட்டணம், உதிரிப் பாகங்கள், வடக்கே போய்வர ரயில் செலவு என்று வரும்போது, "நம்மால் ஆகாது" என்று தானே விலகிக்கொள்கிறார். யாரும் விலக்கியதாகக் கணக்கில் வராது. குழுவில் இடம் கிடைத்தாலும் சுமை தூக்கவும் சாலிடரிங் செய்யவும் மட்டும் அழைக்கப்படுவதும், மேடையில் வேறொருவர் பேசுவதும் நடக்கக் கூடாதவை.

இதை ஏதோ ஒரு போட்டி என்று விட முடியாது. விண்வெளித் துறை தனியாருக்குத் திறந்துவிடப்பட்டிருக்கிறது. குலசேகரப்பட்டினத்தில் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்டது. 2025-ல் தமிழ்நாடு அரசு விண்வெளித் தொழில் கொள்கையை வெளியிட்டு, 10,000 கோடி ரூபாய் முதலீட்டை இலக்காக வைத்துள்ளது. இஸ்ரோவில் இடஒதுக்கீடு உண்டு. தனியார் நிறுவனங்களில் இல்லை. அங்கே, "என்ன செய்திருக்கிறாய், காட்டு" என்றுதான் கேட்பார்கள். காட்டுவதற்கு உதவுவது இப்படிப்பட்ட போட்டிகள்தான். ஆகவே குழு அமையும் இடத்திலேயே நம் பங்கை உறுதிசெய்யாவிட்டால், வேலைவாய்ப்பு வாசலில் போய் நின்று கேட்பதில் பயன் குறைவு.

அம்பேத்கர் அன்றே கேட்டது

1913-ல் பரோடா மன்னரின் உதவித்தொகை மாதம் பதினொன்றரை பவுண்டு கிடைத்ததால்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகம் போக முடிந்தது. அதை அவர் மறக்கவில்லை. 1942 அக்டோபரில் வைஸ்ராயிடம் கொடுத்த மனுவில், பட்டியலின மாணவர்கள் அறிவியலும் தொழில்நுட்பமும் படிக்கத் தனி உதவித்தொகை வேண்டும் என்று கேட்டார். சட்டமும் கலையும் படித்தால் மட்டும் போதாது என்பது அவர் கணிப்பு. இன்றைய போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வேர் 1944-ல் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

கல்லூரிகள் போட்டிக் குழுவுக்கான அறிவிப்பை எல்லா மாணவருக்கும் தெரியும்படி பலகையில் ஒட்ட வேண்டும். தேர்வு முறையையும் எழுத்தில் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகங்களில் உள்ள எஸ்.சி., எஸ்.டி. பிரிவுகள் உதவித்தொகை விண்ணப்பத்தோடு நின்றுவிடாமல் இதையும் கவனிக்க வேண்டும்.

பட்டியலினத்தவர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தைத் தமிழ்நாடு 2024-ல் இயற்றியது. அந்த நிதியில் போட்டிச் செலவுக்கென்று ஒரு தலைப்பு வைப்பது பெரிய காரியமல்ல. ஆதிதிராவிடர் நல விடுதிகளில் ஒரு மேசை, ஒரு கணினி, சில சென்சார்கள், ஒரு சாலிடரிங் கருவி இருந்தால் ஓர் ஆய்வுக்கூடம் தயார். மாவட்டத்தில் உள்ள கல்லூரிகள் 'ஸ்டட்சாட்' போல ஒன்றுகூடினால் செலவும் பங்காகும்.

மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். துறைத் தலைவரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள். ஒன்பதாம் வகுப்பில் தம்பி, தங்கை இருந்தால் இஸ்ரோவின் 'யுவிகா' பயிற்சிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்; அதில் கிராமப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு.

பெற்றோர் பிள்ளையிடம், "இன்றைக்கு ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்பதோடு, "குழுவில் உனக்கு என்ன வேலை?" என்றும் கேளுங்கள். அந்தக் கேள்வி வீட்டிலிருந்து வந்தால், கல்லூரியும் பதில் சொல்லப் பழகும்.