காலம் பிந்திச் சொன்ன உண்மை

சென்ற மாசி மாதத்தில் ஒரு மாலைப்பொழுது. கோணேசர் கோயிலில் பூசை முடிந்தபின், பிரட்றிக் கோட்டை வாயிலைக் கடந்து டச்சுக் குடாக் கரையோரமாக நடந்துகொண்டிருந்தேன். உடன் வந்தவர் எனக்கு ஏழு வயது மூத்தவர், அரசாங்க இலிகிதர். சிறுவயதில் எனக்குக் கணக்குச் சொல்லித் தந்தவர். இளமையிலேயே தந்தையை இழந்து, மூன்று தங்கையரைக் கரையேற்றி, நோயில் விழுந்த தாயைப் பத்தாண்டுகள் பராமரித்து, சென்ற ஆண்டு அவருக்குரிய ஈமக்கடனையும் முடித்தவர். மணம் செய்யாதவர். குடும்பத்துக்காகத் தம் வாழ்வையே தியாகம் செய்தவர் என்று ஊரார் அவரைப் போற்றுவார்கள். நானும் அவ்வாறே போற்றி வந்தேன்.

கரையில் இழுத்து விட்டிருந்த ஒரு வள்ளத்தருகே அமர்ந்தோம். “தம்பி, ஒரு விஷயம் சொல்லப் போறன். கேட்டிட்டு நீ எழும்பிப் போனாலும் நான் குறை நினைக்க மாட்டன்” என்றார். சற்று நேரம் கடலையே பார்த்திருந்தார். பின்னர், பெண்கள்மீது தமக்கு என்றுமே நாட்டம் இருந்ததில்லை என்றும், ஆண்களிடத்தேதான் தம் மனம் சென்றது என்றும், பதினைந்து வயதிலேயே இதனை அறிந்திருந்தும் இந்த ஐம்பத்து மூன்று வயது வரையில் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை என்றும் சொன்னார்.

“அம்மா இருக்கு மட்டும் சொல்ல ஏலாது. இனியும் ஒருத்தருக்கெண்டாலும் சொல்லாமல் செத்துப்போனால், நான் வாழ்ந்ததே பொய்யாப் போயிடும்.”

“ஏன் அண்ணை என்னட்டைச் சொல்லுறீங்கள்?” என்றேன்.

“ஏன் கலியாணம் கட்டேல்லை எண்டு ஊரே கேட்டது. நீ மட்டும் ஒருநாளும் கேட்கேல்லை.”

அச்சொல் என்னைச் சுட்டது. நான் கேளாதிருந்தது பண்பினால் அன்று. பல ஆண்டுகளுக்கு முன், ஆசிரியர் அறையில் ஒருவர் இவருடைய தனிமையைக் குறித்துக் கேலி பேசியபோது, மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்தவன். விடை எனக்கு ஒருவாறு தெரிந்திருந்தது, தெரிந்திருந்தமையாலேயே கேட்கவில்லை.

அவருடைய அனுமதியோடுதான் இதனை எழுதுகின்றேன். பெயரை மறைத்ததற்கான காரணம் பின்னர் விளங்கும்.

கால்கட்டு மருந்தாகுமா?

“உண்மையென்றால் இருபது வயதிலேயே சொல்லியிருக்கலாமே! நரைத்தபின் எதற்கு?” என்று மாணவர் சிலர் கேட்கக்கூடும். சொல்லத் தொடங்குமுன்பே வாயை அடைத்துவிடும் ஏற்பாடுகள் நம் வீடுகளில் நிறைய உண்டு. அவற்றுள் முதன்மையானது, “ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரிவரும்” என்னும் நம்பிக்கை. பெற்றோர் இதனைத் தீய எண்ணத்தோடு சொல்வதில்லை. ஆயினும் இதன் பயனை யார் அனுபவிக்கிறார்கள் என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

குஜராத்தில் ராஜ்பிப்ளா என்பது முன்னாளில் ஒரு சமஸ்தானம். அவ்வரச குடும்பத்தில் 1965 இல் பிறந்தவர் மான்வேந்திர சிங் கோஹில். 1991 இல் அவருக்குத் திருமணம் நடந்தது. மணம் முடிந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று தாமும் நம்பியிருந்ததாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். சரியாகவில்லை, அம்மணம் விரைவிலேயே முறிந்தது. 2006 இல், நாற்பது வயதைத் தாண்டிய நிலையில், தாம் தன்பால் ஈர்ப்புடையவர் என்பதை அவர் பத்திரிகை வாயிலாக உலகறியச் சொன்னார். ஊரில் அவருடைய கொடும்பாவியை எரித்தார்கள். அவரைக் கைவிட்டதாகக் குடும்பத்தவர் பகிரங்கமாக அறிவித்தார்கள்.

இக்கதையில் நாம் மறந்துவிடுகின்ற ஒருவர் உண்டு. அவர்தாம் அந்த மணப்பெண். ஒரு குற்றமும் செய்யாத ஒரு பெண்ணின் இளமையை மருந்தென்று அரைத்துப் பிறிதொருவருக்குப் பூசலாம் என்று நினைப்பது எவ்வகையில் அறமாகும்? நம் இலிகிதர் அந்தப் பிழையைச் செய்யவில்லை. “ஒரு பிள்ளையின்ரை வாழ்க்கையை நான் கெடுக்கேல்லை. அது ஒண்டுதான் எனக்கு ஆறுதல்” என்று அன்று அவர் சொன்னார். அதற்கு அவர் கொடுத்த விலை முப்பது ஆண்டுத் தனிமை.

நீதிபதியின் மௌனம்

கல்வியும் பதவியும் உடையவர்களுக்கு இந்த அச்சம் இராது என்று எண்ணவும் இடமில்லை. மைக்கல் கேர்பி என்பவர் 1996 முதல் 2009 வரை அவுஸ்திரேலியாவின் அதியுயர் நீதிமன்றத்தில் நீதியரசராக வீற்றிருந்தவர். ஒல்லாந்தில் பிறந்த யொஹான் வான் வுலோட்டன் என்பவரை அவர் 1969 இல் சந்தித்தார். அன்று தொட்டு இருவரும் இணைந்து வாழ்ந்தார்கள். எனினும் முப்பது ஆண்டுகள் கழித்து, 1999 இல்தான், பிரமுகர்களின் விபரத் திரட்டு ஒன்றிலே தம் வாழ்க்கைத் துணைவர் என்று அவருடைய பெயரைக் கேர்பி பதிவுசெய்தார். அப்போது அவருக்கு வயது அறுபது. பிறருடைய வழக்குகளில் உண்மையைத் தேடித் தீர்ப்பெழுதிய ஒருவர், தம்மைப் பற்றிய உண்மையை ஒரு வரியில் எழுதுவதற்கு அத்தனை காலம் எடுத்தது. 2019 இல், சந்தித்து ஐம்பது ஆண்டுகள் நிறைந்த அதே நாளில், இருவரும் சட்டப்படி மணம் செய்துகொண்டார்கள்.

பரதமாடியவர் தொடுத்த வழக்கு

நவ்தேஜ் சிங் ஜோஹர் 1959 இல் பிறந்தவர், பஞ்சாபியர். சென்னைக் கலாக்ஷேத்திராவில் பரதநாட்டியம் பயின்று புகழ்பெற்றவர். பத்திரிகையாளர் சுனில் மெஹ்ராவும் அவரும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வீட்டில் இணைந்து வாழ்ந்து வந்தார்கள்.

இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377 ஆம் பிரிவு 1860 இல் ஆங்கிலேயர் இயற்றியது. வயதுவந்த இருவர் மனமொத்துப் பழகினாலும், அவர்கள் ஆண்களாயின் ஆயுட்காலச் சிறை வரை தண்டனை விதிக்க அது இடங்கொடுத்தது. 2009 இல் டெல்லி உயர் நீதிமன்றம் அதன் கொடுமையை அகற்றிற்று. 2013 இல் உச்ச நீதிமன்றம் அதனை மீண்டும் உயிர்ப்பித்தது. இந்நிலையில் 2016 இல் ஜோஹர், மெஹ்ரா, சமையற்கலை வல்லுநர் ரிது டால்மியா, விடுதி உரிமையாளர் அமன் நாத், வணிகத்துறையைச் சேர்ந்த ஆயிஷா கபூர் ஆகிய ஐவர் உச்ச நீதிமன்றம் சென்றார்கள். நேயர்களே, இதன் பொருளைச் சற்றுச் சிந்தியுங்கள். எந்த உண்மையைச் சட்டம் குற்றமாகக் கருதியதோ, அந்த உண்மையைத் தம் கையொப்பமிட்டு, தண்டிக்கும் அதிகாரமுடைய நீதிமன்றத்திடமே ஒப்படைத்தார்கள்! ஜோஹர் அப்போது ஐம்பதைக் கடந்து நெடுந்தூரம் வந்துவிட்டவர். பேசாதிருந்தால் எஞ்சிய காலத்தை அமைதியாகக் கழித்திருக்கலாம்.

2018 செப்டெம்பர் 6 ஆம் நாள், ஐந்து நீதியரசர்களும் ஒருமனதாக அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தார்கள். அவர்களுள் ஒருவரான இந்து மல்ஹோத்ரா, காலந்தாழ்த்தியதற்காக வரலாறு இம்மக்களிடமும் இவர்களுடைய குடும்பங்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கடமைப்பட்டுள்ளது என்று எழுதினார். குடும்பங்களிடமும் என்று அவர் சேர்த்துக் கூறியது பொருள் பொதிந்தது.

கப்பல்கள் போயின, சட்டம் போகவில்லை

இனி நம் நாட்டின் நிலை. திருகோணமலைத் துறைமுகத்திலிருந்த பிரித்தானியக் கடற்படைத் தளம் 1957 இல் நம்மவரிடம் கையளிக்கப்பட்டது. கப்பல்கள் போயின. ஆனால் அவர்கள் 1883 இல் தந்த தண்டனைச் சட்டக்கோவை இங்கேயே தங்கிவிட்டது. அதன் 365 ஆம் பிரிவு பத்தாண்டுகள் வரையும், 365அ பிரிவு இரண்டாண்டுகள் வரையும் சிறை விதிக்க வழிசெய்கின்றது. இதில் ஒரு வேடிக்கை: அச்சட்டத்தைத் தந்த ஆங்கிலேயர் 1967 இலேயே தம் நாட்டில் அதனைத் தளர்த்திக்கொண்டார்கள். நாமோ 1995 இல் திருத்தம் ஒன்று செய்து, அதன் பிடியைப் பெண்களுக்கும் விரித்தோம்.

எனினும் கதவு முற்றாக அடைபட்டுவிடவில்லை. ‘ஈக்குவல் கிரவுண்ட்’ என்னும் அமைப்பைக் கொழும்பில் 2004 இல் தொடக்கிய ரொசானா பிளேமர் கல்தேரா, ஐக்கிய நாடுகள் சபையின் குழுவொன்றிடம் முறையிட்டார். அச்சட்டம் அவருடைய உரிமைகளை மீறுகின்றது என்று அக்குழு 2022 இல் முடிவு கூறியது. அப்பிரிவுகளைத் திருத்துவதற்குப் பாராளுமன்ற உறுப்பினர் பிரேமநாத் தொலவத்த கொண்டுவந்த சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என நம் உயர் நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்மானித்தது. ஆனால் 2024 செப்டெம்பரில் பாராளுமன்றம் கலைக்கப்படும் வரையில் அது சட்டமாகவில்லை. என் நண்பரின் பெயரை நான் ஏன் மறைத்தேன் என்பது இப்போது விளங்கும்.

நோய் என்னும் மயக்கம்

“இது ஒரு நோய்தானே, வைத்தியம் இல்லையா?” என்று கேட்போர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1973 இலேயே இதனை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனமும் 1990 மே 17 இல் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. நோயில்லாத இடத்தில் மருந்து தேடுவது வீண்வேலை மாத்திரமன்று, கொடுமையுமாகும்.

இவ்விடத்திலே ஒரு தமிழரைக் குறிப்பிட விரும்புகின்றேன். பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரு பெண்களின் வழக்கு, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ் முன்னிலையில் வந்தது. இவ்விஷயத்தில் தமக்குப் போதிய விளக்கம் இல்லை என்பதை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். உளவியலாளர் ஒருவரிடம் சென்று, மாணவரைப் போல அமர்ந்து, பாடம் கேட்டார். அதன்பின்னரே 2021 யூன் மாதத்தில் உத்தரவு பிறப்பித்தார். ஒருவருடைய இயல்பை மாற்றுவதாகக் கூறிச் செய்யப்படும் மருத்துவ முயற்சிகளுக்கும் தடை விதித்தார். ஐம்பது வயதுக்கு மேல், தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கற்க முன்வந்தவர் அவர். ஆசிரியத் தொழில் புரிகின்ற எனக்கு அது நாணத்தையும் தந்தது, வழியையும் காட்டிற்று.

நாம் செய்யத்தக்கவை

உங்கள் வீட்டில் ஓர் அண்ணனோ, சிற்றப்பாவோ, தாய்மாமனோ காலம் பிந்தி இவ்வுண்மையைச் சொல்ல வருவாராயின், முதலில் அவரை முழுவதும் பேச விடுங்கள். “வயது போன காலத்தில் இது எதற்கு?” என்று கேட்காதீர்கள், அவர் சொல்வது புதிதாய் வந்த ஆசையை அன்று, நெடுநாட் சுமையை. அவர் சொன்னதை அவருடைய இசைவின்றி மற்றொருவர் காதில் போடாதீர்கள். இந்நாட்டில் அது அவருடைய தொழிலுக்கும் பாதுகாப்புக்குமே கேடாய் முடியலாம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முன்னர் அழைத்ததைப் போலவே அழையுங்கள். அவர் மணமானவராயின், அவருடைய மனைவியின் துயரையும் அதே கவனத்தோடு கேளுங்கள். அவருக்கும் உண்மையை அறியும் உரிமை உண்டு.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு சொல். நடையையோ குரலையோ வைத்துச் சக மாணவனுக்கு நீங்கள் சூட்டும் பட்டப்பெயர் பள்ளிக்கூடத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஐம்பது வயது வரையும் அது ஒருவருடைய வாயைக் கட்டிவைக்கும்.

அன்று மாலை, ஆசிரியர் அறையில் நான் சிரித்த கதையை அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. “பரவாயில்லை” என்றும் சொல்லவில்லை. அதனை எதிர்பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. இருட்டிய பின் இருவரும் எழுந்து நடந்தோம். அவர் வீட்டு ஒழுங்கை முகப்பு வந்ததும் நின்றார்.

“நாளைக்கும் வருவியோ?” என்றார்.

“வருவன் அண்ணை” என்றேன்.